பழைய ஜிப்சிக்குப் புதுச் சக்கரம்

ராம்நகர் என்பது இமயமலை அடிவாரத்தில் உள்ள ஊர். உத்தராகண்ட் மாநிலத்தைச் சேர்ந்தது. ஊர் ஓரமாக கோசி ஆறு ஓடுகிறது. பக்கத்திலேயே கார்பெட் காடு. 1936-இல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட காடு இது. புலிகளைக் காக்கும் திட்டம் 1973-இல் இங்கேதான் தொடங்கியது.

புலி பார்க்க நாடெங்கும் இருந்து ஆட்கள் வருகிறார்கள். அவர்களைக் காட்டுக்குள் கூட்டிப் போவது ஜிப்சி வண்டி. மேலே கூரை இருக்காது. பின்னால் படிப்படியாக இருக்கைகள் இருக்கும். காட்டுப் பாதையில் மணல் உண்டு, சேறு உண்டு. ஆற்றில் பாலம் இருக்காது. உருண்டைக் கற்கள் மேல் தண்ணீரில் இறங்கித்தான் கடக்க வேண்டும்.

சாதாரணக் காரில் இரண்டு சக்கரங்கள்தான் வண்டியை இழுக்கும். மற்ற இரண்டும் சும்மா உருளும். ஜிப்சியில் ஒரு கம்பியை இழுத்துப் போட்டால் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். அதனால்தான் அது சேற்றில் மாட்டிக்கொள்வதில்லை.

மாருதி நிறுவனம் ஜிப்சியை 1985-இல் கொண்டுவந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் விற்றது. பிறகு விற்பனையை நிறுத்திவிட்டது. வண்டி செய்வது நின்றாலும் அதை ஓட்டுவது நிற்கவில்லை. ராம்நகரில் எத்தனையோ குடும்பங்களுக்கு அதுதான் சோறு போடுகிறது.

அப்படி ஒரு ஓட்டுநர். வயது நாற்பத்தைந்து இருக்கும். சிறு வயதில் பள்ளிக்கூடம் போனதில்லை. பெரியவரான பிறகு மாலை வகுப்பில் சேர்ந்து எழுத்தும் எண்ணும் கற்றார். அவருடைய ஜிப்சி 2012-இல் வாங்கியது. இரும்புச் சக்கரங்கள் துருப்பிடித்துவிட்டன. கல்லில் மோதி இரண்டு சக்கரங்களின் விளிம்பு வளைந்திருந்தது. இரவு காற்று அடித்து வைத்தால் காலையில் பாதி போயிருக்கும். டயரும் தேய்ந்துவிட்டது.

புதுச் சக்கரம் வாங்கப் பணம் இல்லை. அப்போதுதான் காசிப்பூரில் ஒரு கடையில் நல்ல சரக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டார்.

அது என்ன சரக்கு? 2023-இல் மாருதி நிறுவனம் ஜிம்னி என்ற வண்டியை விற்கத் தொடங்கியது. ஜிப்சிக்கு இது உறவுக்கார வண்டி. இரண்டுக்கும் மூலம் ஜப்பானின் சுசுகி செய்த ஜிம்னிதான். ஜிம்னி வாங்கும் இளைஞர்கள் சிலர் முதல் வேலையாகச் சக்கரத்தை மாற்றுகிறார்கள். பெரிதாக, அகலமாகப் போட்டுக்கொள்கிறார்கள். கம்பெனியில் இருந்து வந்த நல்ல சக்கரம் கடை மூலையில் கிடக்கும். பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கும். காசு உள்ளவர் வேண்டாம் என்று கழற்றிப் போட்டது இல்லாதவருக்கு உதவுகிறது.

நான்கு அலாய் சக்கரங்கள், மேலே டயரோடு. அலுமினியக் கலவையில் வார்த்தவை. கடைக்காரர் சொன்னார்: “இதிலும் ஐந்து ஓட்டை, உங்கள் வண்டியிலும் ஐந்து ஓட்டை. மாட்டுங்கள், ஓட்டுங்கள்.”

ஓட்டுநர் முன்பணம் கொடுத்தார். சரியில்லை என்றால் மூன்று நாளில் திருப்பித் தருவதாகப் பேசிக்கொண்டார். சக்கரங்களை ஏற்றிக்கொண்டு தன் ஊர் மிஸ்திரியிடம் வந்தார். வடக்கே மெக்கானிக்கை மிஸ்திரி என்பார்கள். வயதில் மூத்தவர் என்பதால் ஓட்டுநர் அவரை ‘சாச்சா’ என்று அழைப்பார். சித்தப்பா என்று பொருள்.

“சாச்சா, நாளைக் காலை ஆறு மணிக்கு சவாரி இருக்கிறது. இன்று இரவே மாட்டித் தர வேண்டும்.”

மிஸ்திரி சக்கரத்தை ஒருமுறை உருட்டிப் பார்த்தார். “ஐந்து ஓட்டை இன்னோவாவிலும் உண்டு மகனே. அதைக் கொண்டுவந்து உன் வண்டியில் மாட்டுவாயா? முதலில் அளப்போம்” என்றார்.

ஓட்டையை அளப்பது எப்படி?

சக்கரத்தின் ஐந்து ஓட்டைகளும் ஒரு வட்டத்தின் மேல் இருக்கின்றன. அந்த வட்டத்தின் குறுக்களவுதான் முக்கியம். நான்கு ஓட்டை என்றால் எதிரெதிர் ஓட்டைகளை அளந்துவிடலாம். ஐந்து ஓட்டையில் எதிர் ஓட்டை கிடையாது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. பக்கத்துப் பக்கத்து ஓட்டைகள் இரண்டை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்றின் நடுவில் இருந்து அடுத்ததன் நடு வரை அளக்க வேண்டும். வந்த எண்ணை 1.7-ஆல் பெருக்க வேண்டும்.

ஓட்டுநரே அளந்தார். 82 மில்லிமீட்டர் வந்தது.

82 × 1.7 = 139.4

ஜிப்சியின் அளவு 139.7. ஜிம்னியின் அளவும் 139.7. அளக்கும்போது கால் மில்லிமீட்டர் முன்பின் ஆவது இயல்பு. ஆக, இது பொருந்துகிறது. இன்னோவா போன்ற கார்களில் இந்த வட்டம் 114.3 மில்லிமீட்டர்தான். அங்கே பக்கத்து ஓட்டைகளின் இடைவெளி 67 மில்லிமீட்டர் இருக்கும். கண்ணுக்கே வித்தியாசம் தெரியும்.

139.7 என்று ஏன் ஒரு முழுமை இல்லாத எண்? அது ஐந்தரை அங்குலம். இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பிலும் இதே ஐந்தரை அங்குலம், ஐந்து ஓட்டை. அந்தக் காலத்து ஜீப்பில் இன்னொரு வேடிக்கை உண்டு. இடதுபக்கச் சக்கரங்களின் நட்டு தலைகீழ் மரை. வழக்கமாகக் கழற்றும் திசையில் திருகினால் இறுகும். தெரியாமல் பலம் கொடுத்து ஸ்டட்டை முறித்தவர்கள் பலர். ஜிப்சியில் அந்தத் தொல்லை இல்லை.

ஸ்டட் என்பது என்ன? சக்கரம் மாட்டும் இடத்தில் ஐந்து மரைக் கம்பிகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அவைதான் ஸ்டட். சக்கரத்தை அவற்றில் மாட்டி நட்டுப் போட்டு இறுக்குகிறோம். ஜிப்சி, ஜிம்னி இரண்டிலும் ஸ்டட்டின் கனம் 12 மில்லிமீட்டர். ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடைவெளி 1.25 மில்லிமீட்டர். 1.5 மில்லிமீட்டர் மரை கொண்ட நட்டும் சந்தையில் உண்டு. பார்க்க ஒன்று போலவே இருக்கும். ஸ்பேனர் போட்டு அடித்துத் திருகினால் ஏறவும் ஏறும். ஏறும்போதே மரையை அறுத்துவிடும். நட்டை முதலில் கையால்தான் திருகிப் பார்க்க வேண்டும். கையால் கடைசி வரை ஏறாத நட்டு அந்த ஸ்டட்டுக்கு உரியது அல்ல.

மிஸ்திரி நட்டின் முகத்தையும் பார்த்தார். சக்கரத்தில் உட்காரும் பக்கம் கூம்பாக இருந்தது. சக்கரத்தின் ஓட்டையும் கூம்பாகக் குழிந்திருந்தது. கூம்பில் கூம்பு உட்கார்ந்தால்தான் சக்கரம் நடுவில் நிற்கும். சில வண்டிகளில் நட்டின் முகம் தட்டையாக இருக்கும், வாஷர் சேர்ந்திருக்கும். சிலவற்றில் பந்து போல உருண்டிருக்கும். ஒன்றுக்குரியதை இன்னொன்றில் போட்டால் ஓரத்தில் மட்டும் தொடும். இறுக்கியது போலத் தோன்றும், ஆனால் ஓட ஓடக் கழன்றுவிடும்.

சக்கரம் எவ்வளவு உள்ளே போகும்?

அடுத்து மிஸ்திரி பழைய சக்கரம் ஒன்றைக் கழற்றினார். முகம் கீழே இருக்கும்படி தரையில் படுக்க வைத்தார். பக்கத்தில் புதுச் சக்கரத்தையும் அப்படியே வைத்தார். ரிம் விளிம்பின் குறுக்கே ஒரு நேரான சட்டத்தை வைத்தார். சட்டத்தில் இருந்து கீழே, ஸ்டட் ஓட்டைகள் உள்ள தட்டு வரை ஸ்கேலால் அளந்தார். பழையது எவ்வளவு, புதியது எவ்வளவு என்று ஓட்டுநரைக் குறித்துக்கொள்ளச் சொன்னார்.

இந்த அளவு எதற்கு? புதுச் சக்கரத்தில் இது அதிகமாக இருந்தால் சக்கரம் வண்டிக்குள் தள்ளி உட்காரும். அப்போது ஸ்பிரிங் பட்டையில் உரசலாம். ஸ்டியரிங் கம்பியில் இடிக்கலாம். பிரேக் குழாயைத் தேய்க்கலாம். பிரேக் குழாய் தேய்ந்து ஓட்டையானால் மலை இறக்கத்தில் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அளவு குறைந்தால் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். பார்க்க அழகாக இருக்கும். பலர் அதற்கு ஆசைப்பட்டு நடுவில் தடித்த வளையம் வேறு வைக்கிறார்கள். ஸ்பேசர் என்பார்கள். சக்கரம் வெளியே போகப் போக பேரிங் மேல் விழும் பாரம் கூடும். வாளித் தண்ணீரை உடம்போடு அணைத்துத் தூக்குவது எளிது. கையை நீட்டித் தூக்கிப் பாருங்கள், தோள் கழன்றுவிடும். பேரிங்குக்கும் அப்படித்தான். போதாததற்கு, சக்கரம் அடிக்கும் சேறும் கல்லும் மட்கார்டைத் தாண்டிப் பின்னால் இருப்பவர் மேல் பறக்கும்.

இரண்டு சக்கரத்திற்கும் வித்தியாசம் சில மில்லிமீட்டர்தான் இருந்தது. ஆனாலும் மிஸ்திரி விடவில்லை. ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கி, முன்சக்கரம் ஒன்றை மாட்டி, ஸ்டியரிங்கைக் கடைசி வரை இடதுபக்கம் ஒடித்தார். பிறகு வலதுபக்கம். சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே எல்லாப் பக்கமும் டார்ச் அடித்துப் பார்த்தார். முன்பக்க பிரேக்குக்கும் ரிம்முக்கும் நடுவே விரல் நுழைந்தது. ஜிப்சியின் பழைய சக்கரமும் 15 அங்குலம், இதுவும் 15 அங்குலம். ஆனால் அலாய் சக்கரம் தடிமனாக வார்க்கப்படுவது. வெளி அளவு ஒன்றாக இருந்தாலும் உள்ளே இடம் குறையலாம். அதனால்தான் இந்தச் சோதனை.

நடு ஓட்டையும் சரியாக இருந்தது. ஜிப்சியின் முன்சக்கர நடுவில் ஒரு குமிழ் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நடு ஓட்டை சிறிய சக்கரம் அதில் நுழையவே நுழையாது. இது நுழைந்தது. ஆனால் புதுச் சக்கரத்தின் அழகு மூடியை முன்பக்கம் போட முடியவில்லை, குமிழ் இடித்தது. ஓட்டுநருக்குச் சிறு வருத்தம். மூடியில் இருந்த பளபளப்பு அவருக்குப் பிடித்திருந்தது.

எண்ணிப் பார்த்த சுற்று

மணி எட்டு ஆகிவிட்டது. ஓட்டுநர் அவசரப்பட்டார். “எல்லாம்தான் பொருந்திவிட்டதே சாச்சா. மாட்டிவிடலாமே?”

“இன்னும் ஒன்று பாக்கி. நட்டைக் கையால் திருகு. எத்தனை சுற்று ஏறுகிறது என்று எண்ணு.”

இரும்புச் சக்கரத்தின் தட்டு மெல்லியது. அலாய் சக்கரத்தில் அந்த இடம் தடிமன். தடிமன் கூடும்போது ஸ்டட் வெளியே நீட்டும் நீளம் குறையும். நட்டுக்குப் பிடிக்க மரை போதாமல் போகலாம். ஸ்டட்டின் கனம் எவ்வளவோ அவ்வளவு நீளமாவது நட்டு மரையைப் பிடித்திருக்க வேண்டும். பட்டறைகளில் இது பழைய கணக்கு. 12 மில்லிமீட்டர் ஸ்டட், ஒரு சுற்றுக்கு 1.25 மில்லிமீட்டர் ஏறும். 12-ஐ 1.25-ஆல் வகுத்தால் 9.6. ஆக, பத்துச் சுற்றாவது ஏற வேண்டும்.

ஓட்டுநர் எண்ணினார். முன் இடது சக்கரத்தில் ஐந்து நட்டும் பத்துக்கு மேல் ஏறின. முன் வலதிலும் அப்படியே. பின் இடதிலும் குறை இல்லை. பின் வலது சக்கரத்தில் முதல் நட்டு சரி, இரண்டாவது சரி. மூன்றாவது ஐந்தாம் சுற்றிலேயே சக்கரத்தைத் தொட்டுவிட்டது. மறுபடி எண்ணினார். ஐந்துதான். நான்காவது நட்டும் ஆறு சுற்றில் நின்றது.

மிஸ்திரி சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார். அந்த இரண்டு ஸ்டட்டும் மற்றவற்றைவிடக் குட்டை. எப்போதோ உடைந்தபோது யாரோ வேறு வண்டியின் ஸ்டட்டைப் போட்டிருக்கிறார்கள். மெல்லிய இரும்புச் சக்கரத்தில் அந்தக் குறை தெரியவில்லை. தடித்த சக்கரம் வந்ததும் வெளிப்பட்டது.

“மூன்று ஸ்டட் நன்றாகத்தானே இருக்கிறது? நாளை ஒருநாள் ஓட்டிவிட்டு வருகிறேன்” என்றார் ஓட்டுநர்.

மிஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டே பேசினார். “உன் வண்டியில் நாளை எத்தனை பேர்?”

“ஆறு பேர். வழிகாட்டி ஒருவர். நான்.”

“எட்டு பேர். நடுவில் ஆறு. இரண்டு வருடத்துக்கு முன் மலைப்பாதையில் ஒரு வண்டியின் பின்சக்கரம் கழன்று தனியாக ஓடியதே, நினைவிருக்கிறதா? அந்த வண்டியிலும் மூன்று நட்டு நன்றாகத்தான் இருந்தது.”

ஓட்டுநருக்கு நினைவிருந்தது. அந்த வண்டியில் போன வழிகாட்டி ஏழு மாதம் படுக்கையில் கிடந்தார். இப்போதும் கால் சாய்த்துத்தான் நடக்கிறார்.

இரவில் கடை எதுவும் திறந்திருக்காது. ஸ்டட் வாங்க மறுநாள் பத்து மணி ஆகும். பழைய சக்கரத்தையே மாட்டிக்கொண்டு போகலாமா என்றால், அதன் டயர் வழுக்கையாகிவிட்டது. காற்றும் நிற்காது. ஓட்டுநர் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அந்த மாதம் மகளுக்குக் கல்லூரிப் பணம் கட்ட வேண்டும். பிறகு போனை எடுத்து இன்னொரு ஓட்டுநரைக் கூப்பிட்டார். காலைச் சவாரியை அவருக்குக் கொடுத்துவிட்டார். ஒருநாள் வருமானம் போயிற்று.

டயர் சொல்லும் செய்தி

மறுநாள் ஸ்டட் வந்தது. பழைய இரண்டையும் தட்டி எடுத்துவிட்டு, வண்டிக்கு உரிய இரண்டை இறுக்கிப் பொருத்தினார்கள். இப்போது எல்லா நட்டும் பத்துக்கு மேல் ஏறின.

அதற்குள் ஓட்டுநர் டயரின் எழுத்துகளைப் படித்துக்கொண்டிருந்தார். பழைய டயரில் 205/70 ஆர் 15 என்று இருந்தது. ஜிம்னி டயரில் 195/80 ஆர் 15.

முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது எண் டயரின் பக்கச் சுவர் உயரம். அது அகலத்தில் நூற்றுக்கு எவ்வளவு என்று சொல்கிறது. ஆர் என்றால் ரேடியல் டயர். கடைசி 15 என்பது ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில். 15 அங்குலம் என்றால் 381 மில்லிமீட்டர்.

இப்போது கணக்குப் போடலாம். பழைய டயர்: 205-இல் நூற்றுக்கு 70 என்றால் 143.5. மேலே ஒரு சுவர், கீழே ஒரு சுவர். ஆகவே இரு மடங்கு, 287. அதோடு 381 சேர்த்தால் 668 மில்லிமீட்டர். இதுதான் டயரின் மொத்த உயரம்.

புதிய டயர்: 195-இல் நூற்றுக்கு 80 என்றால் 156. இரு மடங்கு 312. அதோடு 381 சேர்த்தால் 693 மில்லிமீட்டர்.

அகலம் குறைந்த டயர்தான் உயரம் கூடியது. 25 மில்லிமீட்டர் அதிகம். பெரிய டயர் ஒரு சுற்றில் அதிக தூரம் போகும். வேகமானிக்கு அது தெரியாது. வேகமானி 60 காட்டும்போது வண்டி உண்மையில் 62 கிலோமீட்டர் வேகத்தில் போகும்.

அது சிறிய விஷயம். பெரிய விஷயம் ஸ்டெப்னி. நான்கு சக்கரம் 693, பின்னால் தொங்கும் ஸ்டெப்னி 668. காட்டில் முன்சக்கரம் ஒன்று பஞ்சர் ஆகி ஸ்டெப்னியை மாட்டுகிறோம். அடுத்து ஆறு வருகிறது. நான்கு சக்கரமும் இழுக்கும்படி கம்பியைப் போடுகிறோம். என்ன நடக்கும்?

ஜிப்சியில் அந்தக் கம்பியைப் போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டப்படும். இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்ற முடியும். சிறிய டயர் ஒரு கிலோமீட்டர் போக ஏறத்தாழ 476 முறை சுற்ற வேண்டும். பெரியதற்கு 459 முறை போதும். 17 சுற்று வித்தியாசம். ஒரு பக்கம் மட்டும் சிறிய டயர் என்றால் முன் அச்சுக்கு இதில் பாதி வந்து சேரும். மணலிலும் சேற்றிலும் டயர் கொஞ்சம் வழுக்கி இந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். கெட்டியான தரையில் வழுக்க முடியாது. அந்த முறுக்கு முழுவதும் பல்சக்கரங்கள் மேலும் இணைப்புகள் மேலும் ஏறும். கடைசியில் கியர் பெட்டியில் செலவு வைக்கும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிக்கு டயர் ஐந்தும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒரே அளவு வாங்கினாலும் இரண்டு புதியது, இரண்டு தேய்ந்தது என்று போடக்கூடாது. கெட்டியான தார் ரோட்டில் அந்தக் கம்பியைப் போடவே வேண்டாம்.

சட்டம் ஒன்றும் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்துக்கும் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கும் முரணாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. வாடகைக்கு ஓடும் வண்டி தகுதிச் சான்று வாங்க வேண்டும். விபத்து நேர்ந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் இதைத்தான் நோண்டுவார். ஓட்டுநர் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய்க் கேட்டார். வண்டியின் கைப்புத்தகத்தில் உள்ள டயர் அளவையே போடுங்கள் என்றார்கள்.

அதில் ஓட்டுநருக்கு நட்டம் இல்லை. புதுச் சக்கரத்தின் ரிம் அகலம் ஐந்தரை அங்குலம். 205/70 டயர் அதில் தாராளமாக உட்காரும். ஜிம்னி டயர்களைக் கழற்றிக் கடைக்காரரிடம் திருப்பினார். கொஞ்சம் பணம் சேர்த்துக் கொடுத்து 205/70 டயர் ஐந்து வாங்கினார். ஐந்தாவது ஸ்டெப்னிக்கு. பழைய இரும்புச் சக்கரங்களில் வளையாத ஒன்றைத் தேர்ந்து, துரு நீக்கி, ட்யூபோடு அதில் அந்த டயரைப் போட்டார். அலாய் சக்கரங்களுக்கு ட்யூப் தேவையில்லை.

வாங்கும்போது டயரின் பக்கச் சுவரில் இன்னும் ஒன்று தேடினார். ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2319 என்று இருந்தால் 2019-ஆம் ஆண்டு 23-ஆம் வாரம் செய்த டயர். கடைக்காரர் முதலில் எடுத்துக் கொடுத்த டயர்கள் பளபளவென்று கறுப்பு மெருகு பூசி இருந்தன. எண்ணைப் பார்த்தால் ஆறு வருடப் பழசு. ஓட்டுநர் வேறு கேட்டார். கடைக்காரர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய் வேறு எடுத்து வந்தார்.

மாட்டும் முறை

மிஸ்திரி முதலில் கம்பி பிரஷ்ஷால் சக்கரம் உட்காரும் தட்டைத் தேய்த்தார். பழைய துருவும் பெயிண்ட் பொருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால், நட்டு இறுக்கமாக இருப்பது போலத் தோன்றும். பொருக்கு நசுங்கியதும் நட்டுத் தளரும். ஸ்டட்டில் எண்ணெய் தடவவில்லை. எண்ணெய் இருந்தால் அளவுக்கு மேல் இறுகி ஸ்டட் இழுபட்டுப் போகும்.

ஐந்து நட்டையும் கையால் திருகினார். பிறகு ஒன்று விட்டு ஒன்றாக இறுக்கினார். முதலாவது, மூன்றாவது, ஐந்தாவது, இரண்டாவது, நான்காவது. வரிசையாக இறுக்கினால் சக்கரம் ஒரு பக்கம் சாய்ந்து உட்காரும். ஜாக்கியை இறக்கி டயர் தரையில் பட்ட பிறகு கடைசி இறுக்கு. அதற்கு அளவு காட்டும் ஸ்பேனர் வைத்திருந்தார். கைப்புத்தகத்தில் உள்ள எண்ணை அதில் வைத்தார். அந்த எண் வந்ததும் ஸ்பேனர் ‘டக்’ என்றது. பல பஞ்சர் கடைகளில் ஸ்பேனர் மேல் ஏறி மிதிக்கிறார்கள். அது பலம் அல்ல. ஸ்டட்டைக் கொல்லும் வேலை.

“ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் திரும்ப இறுக்கிப் பார்க்க வேண்டும். நான் வரமாட்டேன். நீதான் பார்க்க வேண்டும்” என்றார் மிஸ்திரி. அளவு ஸ்பேனரை இரவல் கொடுத்தார்.

இரண்டு நாள் கழித்து, காலைச் சவாரி முடிந்து காட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார் ஓட்டுநர். பயணிகள் டீ குடிக்கப் போனார்கள். அன்று புலி தென்படவில்லை, அவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். ஓட்டுநர் ஸ்பேனரை எடுத்து நட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இருபதில் பத்தொன்பது அசையவில்லை. பின் வலது சக்கரத்தில், புது ஸ்டட் போட்ட இடத்தில், ஒரு நட்டு கால் சுற்று ஏறியது. பிறகு ‘டக்’ என்றது. சட்டைப் பையில் இருந்து சிறு நோட்டை எடுத்தார். தேதியையும் கிலோமீட்டரையும் எழுதி, பக்கத்தில் ‘பின் வலது, கால் சுற்று’ என்று எழுதினார்.

செய்து பாருங்கள்

உங்கள் ஊரில் நிற்கும் ஜீப், கார் அல்லது வேன் ஒன்றின் டயரைப் பாருங்கள். அளவை எழுதுங்கள். அகலம் எது, ரிம் அளவு எது?

அதே டயரில் நான்கு எண்கள் உள்ள நீள்வட்டத்தைத் தேடுங்கள். ஒரு பக்கம் இல்லை என்றால் மறுபக்கம் இருக்கும். எந்த ஆண்டு செய்தது?

டயரின் பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு மேடுகள் தெரியும். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். டயர் தேய்ந்து அந்த மேட்டைத் தொட்டுவிட்டதா என்று பாருங்கள். வண்டிக்காரர் அருகில் இருந்தால் அவரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

ஒரு சக்கரத்தில் ஐந்து ஓட்டைகள். பக்கத்து ஓட்டைகளின் நடுவில் இருந்து நடு வரை 67 மில்லிமீட்டர். 1.7-ஆல் பெருக்குங்கள். இந்தச் சக்கரம் ஜிப்சியில் மாட்டுமா?